அளவு பார்க்க ஆளை இறக்காதீர்கள்

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, பேளுக்குறிச்சி, புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் சேகோ ஆலையும் கோழித் தீவன ஆலையும் நடத்துகிற முதலாளிமாருக்கும், அங்கே ஆள் வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரிமாருக்கும் ஒரு வார்த்தை.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் வெளியூர் ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது நம் ஊரிலேயே இருக்கிறேன். டேங்குக்குள் எண்ணெய் எவ்வளவு, சைலோவுக்குள் சிமெண்டு எவ்வளவு என்று வெளியே இருந்தபடியே காட்டும் கருவிகளை மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பாக இருந்தது. எடைமேடையில் எண் தெரியவில்லை, பேனலில் விளக்கு எரியவில்லை என்று நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் வந்திருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேசியிருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் ஒரு தீவன ஆலையில் இருந்தேன். எந்த ஆலை என்பது வேண்டாம். அரைத்த மக்காச்சோளம் நிற்கும் பின் (தகட்டுத் தொட்டி) ஒன்றிலிருந்து சரக்கு இறங்கவில்லை. தீர்ந்துபோய் இறங்கவில்லையா, அடைத்துக்கொண்டு இறங்கவில்லையா என்று தெரியவில்லை. மேஸ்திரி ஒரு பையனைக் கூப்பிட்டு, "ஏறி எட்டிப் பாத்துட்டு வா கண்ணு, எவ்வளவு கெடக்குதுன்னு" என்றார். பத்தொன்பது வயசுப் பையன். ஒரு கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் விறுவிறுவென்று ஏறினான். மேலே மூடியைத் திறந்து பார்த்திருக்கிறான். கைக்கெட்டும் தூரத்தில் சரக்கு களம் மாதிரி சமமாகத் தெரிந்திருக்கிறது. கம்பியால் குத்திவிடலாம் என்று அதன்மேல் இறங்கி நின்றிருக்கிறான்.

மழை ஈரத்தில் இறுகிப்போன மேல்தோல் அது. அடியில் வெற்றிடம். தோல் உடைந்ததும் இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டான். கீழே ஸ்க்ரூ கன்வேயர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கத்தியது எங்கள் யார் காதிலும் விழவில்லை. கையிலிருந்த கம்பியால் தகட்டில் அடித்தான். அந்தச் சத்தம்தான் கேட்டது. மில் ஆபரேட்டர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார், இன்னொருவர் கீழே ஸ்லைடு கேட்டைத் தள்ளி மூடினார். நாலு பேர் கயிறு கட்டி இழுத்தும் பையன் அசையவில்லை. இழுக்க இழுக்க அவன் தோள்தான் கழன்றுவிடும்போல இருந்தது. கடைசியில் அவனைச் சுற்றிப் பலகையை அணை போல நட்டு, உள்ளே இருந்த மாவைக் குண்டாவால் அள்ளி அள்ளிக் கொட்டி எடுத்தோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்து உட்கார்ந்து, கண்ணிமையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டே மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னான்: "இன்னும் ரெண்டு டன்னு இருக்குங்கண்ணா."

அனுப்பிய வேலையை முடித்துவிட்டுத்தான் பேசினான். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நகரும் தானியத்தில் காலை வைத்தவன் நாலைந்து நொடியில் சிக்கிக்கொள்வான். அரை நிமிஷத்துக்குள் தலையும் மூழ்கிவிடும். தண்ணீரில் விழுந்தவன் கைகாலை உதைத்து மேலே வரலாம். தானியத்தில் உதைத்தால் இன்னும் கீழேதான் போவான். அமெரிக்காவில் சோளக் கிடங்கு வைத்திருக்கும் குடியானவர்களே வருஷம் தவறாமல் இப்படிச் சாகிறார்கள். நம் பக்கம் பின்களெல்லாம் இப்போதுதான் பெரிதாகிக்கொண்டு வருகின்றன.

சேகோ ஆலைக்காரர்களுக்கு இது தீவனக்காரர்கள் சங்கதி என்று தோன்றலாம். உங்கள் கழிவுநீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். குச்சிக்கிழங்கு கழுவிய தண்ணீர், மாவு படிந்த பிறகு மேலே நிற்கும் தண்ணீர், திப்பி பிழிந்த தண்ணீர் எல்லாம் போய்ச் சேர்ந்து புளிக்கிற இடம். காற்றுப் படாமல் புளிக்கும்போது எரிவாயு வருகிறது. அதைப் பிடித்து அடுப்பெரிக்கிறீர்கள், நல்ல காரியம். கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடும் வருகிறது. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. நாற்றம் இருந்தால்தானே ஆபத்து என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு அது ஏறினால் மூக்கே மரத்துப்போய்விடும். நாற்றம் நின்றுவிட்டதென்று ஆள் தைரியமாக இன்னும் கீழே இறங்குவான். காற்றைவிடக் கனமான வாயு, அடியில் தேங்கி நிற்கும். இறங்கினவன் பேச்சுமூச்சில்லாமல் விழுவான். அவனைத் தூக்க அண்ணனோ மச்சானோ இறங்குவான். தொட்டி, கிணறு, செப்டிக் டேங்க் என்று நாம் பேப்பரில் படிக்கும் சாவுச் செய்தியில் எண்ணிக்கை ஒன்றோடு நிற்காமல் இரண்டு, மூன்று என்று வருவது இதனால்தான்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவே இதைச் சொல்லிவிட்டது. வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதிலும் தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தராமல் ஆள் நுழையக் கூடாது என்றது. இல்லையென்றால் சுவாசக் கருவி மாட்டி, இடுப்பு பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. என் தகப்பனார் காலத்துச் சட்டம் இது.

நான் சொல்ல வருவது அதற்கும் ஒரு படி முந்தியது. இறங்கும்போது பெல்ட்டுப் போடுங்கள் என்பதைவிட, எதற்காக இறங்குகிறான் என்று கேளுங்கள். அடைப்பெடுக்க, சுத்தம் செய்ய என்று சில வேலைகள் உண்டு. அவற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஆனால் நான் பார்த்தவரை பாதித் தடவை ஆள் ஏறுவதும் இறங்குவதும் "எவ்வளவு இருக்கு" என்ற ஒரே கேள்விக்காக. அந்த ஒரு கேள்விக்கு மனுஷன் உள்ளே தலையை விட வேண்டிய தேவையே இல்லை.

நம் ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. கேஸ் லாரி ஓட்டும் நம் மாவட்டத்துத் தம்பிகளைக் கேட்டுப் பாருங்கள். புல்லட் வண்டிக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனாலும் உள்ளே திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று டிரைவருக்குத் தெரியும். ரோட்டோகேஜ் என்று ஒன்று இருக்கிறது. டேங்குக்குள் வளைந்த ஒரு சின்னக் குழாய். வெளியே அதைத் திருப்ப ஒரு கைப்பிடி, பக்கத்தில் அளவு போட்ட வட்டத் தகடு. சின்னத் துளையைத் திறந்துவிட்டு மெல்லத் திருப்பினால், குழாயின் வாய் ஆவிப் பக்கம் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாமல் காற்றுப் போல வரும். வாய் திரவத்தைத் தொட்ட நொடி வெள்ளைப் புகை மாதிரி பனி சீறும். அங்கே முள் காட்டுவதுதான் மட்டம். கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம். 85 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதையும் அவர்கள் வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். வெயிலில் திரவம் விரியும். விரிய இடம் இல்லையென்றால் இரும்பே கிழியும். 1978 ஜூலை 11-ஆம் தேதி ஸ்பெயினில் லாஸ் அல்ஃபாக்கஸ் என்ற கடற்கரை முகாம் அருகே வெடித்த புரொப்பிலீன் டேங்கர், அனுமதித்த எடைக்கு மேல் பல டன் ஏற்றிக்கொண்டு வந்தது. விடுமுறைக்கு வந்து கூடாரம் போட்டிருந்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கிழங்கு வாங்கும்போது பாயிண்ட் பார்க்கிறீர்களே, அதுவும் அளவுக் கருவிதான். கிழங்கை வெளியில் ஒரு முறை, தண்ணீருக்குள் அமிழ்த்தி ஒரு முறை எடை போடுகிறோம். மாவு அதிகமுள்ள கிழங்கு அடர்த்தியானது. தண்ணீருக்குள் அதன் எடை அவ்வளவாகக் குறையாது. எடை எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு உள்ளே இருக்கும் மாவைச் சொல்லிவிடுகிறோம், கிழங்கை வெட்டிக்கூடப் பார்க்காமல். பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் டிஸ்பிளேசர் என்று ஒரு மட்டக் கருவி உண்டு. நீளமான ஓர் உருளை திரவத்துக்குள் தொங்கும். திரவம் ஏற ஏற உருளையின் எடை குறையும். குறைந்த எடையை வைத்து மட்டத்தைக் காட்டும். பாயிண்ட் தராசின் பங்காளி என்றே சொல்லலாம். நம் குடியானவர்கள் கிணற்றில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி எத்தனை ஆள் மட்டம் என்று பார்ப்பதை மோட்டார் வைத்துச் செய்கிற கருவியும் உண்டு. குண்டு சரக்கைத் தொட்டதும் கயிறு தளரும், கருவி தூரத்தைக் குறித்துக்கொண்டு குண்டை மேலே இழுத்துக்கொள்ளும்.

ஆனால் மட்டம் தெரிந்தால் இருப்பு தெரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மேட்டூர் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். முழு மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நூறு அடி இருக்கிறது என்று பேப்பரில் பார்த்தால் ஆறில் ஐந்து பங்கு தண்ணீர் இருக்கிறதென்று மனசு கணக்குப் போடும். இருப்பதோ 65 டி.எம்.சி. போலத்தான், முக்கால் பங்குகூட இல்லை. அணை மேலே அகலம், கீழே குறுகல். அடியில் கூம்பாகக் குறுகும் பின்னும் அப்படித்தான், படுத்த உருளையாகக் கிடக்கும் டேங்கோ நடுவில் அகலம், மேலும் கீழும் குறுகல். ஒவ்வொரு டேங்குக்கும் இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு பட்டியல் ஒருமுறை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் போதும்.

தானியத்தில் இன்னொரு சிக்கல். தண்ணீர் சமமாக நிற்கும், மக்காச்சோளம் நிற்காது. படியில் தலைதட்டி அளப்பதற்கும் கோபுரம் கட்டி அளப்பதற்கும் வித்தியாசம் நம் பாட்டிமாருக்குத் தெரியும். மேலே நடுவிலிருந்து கொட்டும்போது பின்னுக்குள் கோபுரம் எழும்பும்; கீழே இறக்கும்போது நடுவில் குழி விழும். நாலு மீட்டர் விட்டமுள்ள பின்னில், சரிவு 25 டிகிரி என்று வைத்தால், கோபுரத்தின் உச்சி சுவரோரத்தைவிட 93 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். உச்சியில் அளந்து, அதே மட்டம் முழுக்க இருப்பதாகக் கணக்கெழுதினால் ஐந்தரை டன் இல்லாத சரக்கு உங்கள் நோட்டில் ஏறும். சுவரோரம் அளந்தால் மூன்று டன் போல இருக்கிற சரக்கு காணாமல் போகும். இதனால்தான் ஒரே இடத்தில் அளப்பதென்றால் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு தூரம் சுவரிலிருந்து தள்ளி அளக்கச் சொல்வார்கள். நாலு மீட்டர் பின்னுக்கு 67 சென்டிமீட்டர். அங்கே கோபுரத்தின் உயரமும் சராசரி உயரமும் ஒன்றாகிவிடும். ஸ்டாக்கில் அடிக்கடி சில டன் உதைக்கிறது, யாரோ மூட்டை கடத்துகிறார்கள் என்று ஆட்களைச் சந்தேகப்படும் முதலாளிமார் தயவுசெய்து முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சந்தேகம் தப்பு என்று தெரிந்த பிறகும் வேலையாள் மனசில் பட்ட காயம் ஆறாது.

தீவன ஆலைக்கு என்னைக் கேட்டால் இரண்டு சாமான் சொல்வேன். பின்னின் கால்களுக்கு அடியில் லோட் செல் வைத்துவிடுவது ஒன்று. எடைமேடையில் லாரியை நிறுத்துவது போலப் பின்னையே நிறுத்துவது. கோபுரமானாலும் குழியானாலும், உள்ளே இறுகித் தொங்கினாலும் எடை பொய் சொல்லாது. மோட்டார் ஓடியும் எடை குறையவில்லையென்றால் அடைப்பு என்று கீழே இருந்தே தெரிந்துவிடும். அன்றைக்கு அந்தப் பையனை ஏற்றியே இருக்க வேண்டாம். செலவு கட்டாது என்றால் துடுப்பு சுவிட்ச் மாட்டுங்கள். சின்ன மோட்டார் ஒரு துடுப்பை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சரக்கு வந்து மூடினால் துடுப்பு நின்றுவிடும், விளக்கு எரியும். மேலே ஒன்று, கீழே ஒன்று. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும்.

அதுவும் இப்போதைக்கு இல்லை என்றால் சுத்தியல் இருக்கிறது. குதிரைத் தட்டிப் பார்த்து நெல் எவ்வளவு என்று சொல்லும் வித்தை நம் வீடுகளில் இருந்ததுதானே. மர சுத்தியலால் தகட்டைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனால் மொத்து மொத்தென்று கேட்ட சத்தம் ஓரிடத்தில் கணீரென்று மாறும். அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு. ஆடியில் மாட்டிக்கொண்ட பையன் இப்போது இதில் கெட்டிக்காரனாகிவிட்டான். போன வாரம் போனபோது கோட்டுப் பக்கத்தில் தேதியும் மணியும் எழுதி வைத்திருந்தான். சுவரோர மட்டத்தைத்தான் இது சொல்லும், உள்ளே வெற்றிடம் இருந்தால் காட்டாமலும் போகலாம். ஆனாலும் ஆள் வெளியே நிற்கிறான்.

சேகோ ஆலையில் கதை வேறு. மாவு படியும் தொட்டியில் இரண்டு மட்டம் இருக்கிறது, தண்ணீரின் மட்டம் ஒன்று, அடியில் மாவின் மட்டம் ஒன்று. மேஸ்திரி குச்சியை விட்டு எங்கே இறுகுகிறது என்று பார்க்கிறாரே, அது நல்ல அளவுதான். அந்தக் குச்சியில் சென்டிமீட்டர் கோடு வெட்டிக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. கிழங்குப் பால் நிற்கும் டேங்குக்குக் கொத்தனாரின் டியூப் மட்டம் மாதிரி வெளியே கண்ணாடி டியூப் மாட்டலாமே என்பீர்கள். தண்ணீர் டேங்குக்கு அதைவிட நல்லது கிடையாது. பாலில் மாட்டினால் இரண்டே நாளில் கீழ்வாயில் மாவு போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு டேங்கு நிரம்பினாலும் காலியானாலும் டியூப் முந்தாநாள் மட்டத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பாலுக்கு மேலிருந்து தொடாமல் அளக்கும் கருவிதான் சரி.

அதிலும் ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்து அளக்கும் அல்ட்ராசோனிக் கருவியை மூடிய கேஸ் தொட்டியில் மாட்டிவிட்டு, கணக்கு ஒத்துவரவில்லை என்று திட்டாதீர்கள். காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. மீத்தேனில் 440 மீட்டருக்கு மேல். தொட்டிக்குள் வாயு மாறினால் தூரமும் மாறியதாகக் கருவி நினைக்கும். நுரை இருந்தால் எதிரொலியே வராது. மூடிய தொட்டிக்கு ரேடார் வாங்குங்கள். அதன் அலைக்கு எந்த வாயு என்ற கவலை அவ்வளவாக இல்லை. திறந்த கழிவுநீர்த் தொட்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை. உள்ளே ஒரு மிதவை, ஒரு கம்பி, மேலே கப்பி, வெளியே ஒரு பலகையில் ஏறி இறங்கும் முள். தொட்டி நிரம்பும்போது முள் இறங்கும், காலியாகும்போது ஏறும் என்பதை மட்டும் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். கேட்டிலிருந்தே தெரியும்.

கருவி மாட்டியதும் மறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்ற எண்ணெய்க் கிடங்கு. 2005 டிசம்பர் 10 இரவு 912-ஆம் எண் டேங்கில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. விடியற்காலை மூன்று மணிவாக்கில் மட்டக் கருவியின் முள் ஓரிடத்தில் நின்றுவிட்டது; பெட்ரோல் நிற்கவில்லை. அந்தக் கருவி அதற்கு முந்தைய சில மாதங்களில் பதினான்கு தடவை அப்படி மாட்டிக்கொண்டிருந்தது. காப்புக்கு வைத்திருந்த உச்சமட்ட சுவிட்சின் நெம்புகோலில் போட வேண்டிய பூட்டைப் போடாமல் விட்டிருந்தார்கள், அதனால் அதுவும் வேலை செய்யவில்லை. ஆறு மணிக்கு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை, 43 பேருக்குக் காயம்.

அதே வருஷம் மார்ச் 23-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் அப்படித் தப்பவில்லை. 170 அடிக் கோபுரத்தில் திரவம் 158 அடி வரை ஏறியிருக்க, டிஸ்பிளேசர் கருவி பத்தடிக்கும் குறைவாக, அதுவும் இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. வேறு அடர்த்தியுள்ள திரவத்துக்குச் செய்த பழைய கணக்கிலேயே அதை விட்டிருந்தார்கள். பதினைந்து பேர் செத்தார்கள். பாயிண்ட் தராசைத் தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீரில் வைத்தால் கிழங்கின் கணக்கு என்னவாகும் என்று யோசியுங்கள், விஷயம் புரிந்துவிடும்.

ஆகவே ஒன்றுக்கு இரண்டு கருவி வையுங்கள், இரண்டும் வேறு வேறு வகையாக இருக்கட்டும். வாரம் ஒரு முறை குச்சியோ கயிறோ விட்டு ஒத்துப் பாருங்கள். முள் ரொம்ப நேரம் அசையாமல் இருந்தால், மோட்டார் ஓடும்போதும் அசையாமல் இருந்தால், அதுவே ஒரு செய்தி என்று பேனலில் நிற்கும் பையனுக்குச் சொல்லுங்கள். பின்னின் மேல்மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை ஆபீசில் வையுங்கள். மூடிக்கடியில் ஆள் நுழையாதபடி கம்பி வலை ஒன்று பற்றவைத்துவிடுங்கள். தவிர்க்கவே முடியாமல் ஒருவன் இறங்க வேண்டியிருந்தால் மோட்டார் சுவிட்சுக்கும் பூட்டு, அதன் சாவி இறங்குகிறவன் சட்டைப்பையில்.

1943-இல் போர் காரணமாக வெளிநாட்டு ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் வருவது நின்றபோது, மாணிக்கம் செட்டியாரும் பொபட்லால் ஷாவும் சேலத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்து இந்தத் தொழிலை ஆரம்பித்தார்கள். பிறகு அரவைக்கு மெஷின் வந்தது, சல்லடைக்கு மெஷின் வந்தது, வறுக்க, உலர்த்த எல்லாவற்றுக்கும் வந்தது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டோம். எல்லாம் நம் பட்டறைக்காரர்களும் கொல்லர்களும் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. தொட்டிக்குள் எவ்வளவு என்று பார்க்க மட்டும் இன்னும் யார் வீட்டுப் பிள்ளையையோ ஏணியில் ஏற்றுகிறோம். இப்போது அந்த ஏணியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். மேலேயிருந்து கத்தினால் அவர்கள் பாஷை கீழே இருக்கிறவனுக்குப் புரியாது. அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. கூப்பிட்டால் வந்து உங்கள் தொட்டிக்கும் பின்னுக்கும் எது ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்கிறேன், பட்டியல் போட்டுத் தருகிறேன், மிதவைப் பலகையை நம் வெல்டிங் பட்டறையிலேயே செய்யவும் கூட நிற்கிறேன். கூலி வேண்டாம். பின்னின் மூடியை மட்டும் எனக்காகத் திறக்க வேண்டாம். வெளியே இருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் ஒருவன்,
சேந்தமங்கலம்